தும்பியின் பின்னூட்டம்

நீங்கள் எனக்குப் போட்டிருக்கும் நாற்காலி ஆடுகிறது ஐயா. பின்னங்காலில் திருகாணி தளர்ந்திருக்கிறது. ஒரு திருப்புளி கொடுத்தால் பேசிக்கொண்டே சரிசெய்துவிடுவேன். கொடுக்க மாட்டீர்கள், புரிகிறது.

சோபாக்களுக்குப் புது உறை தைப்பது என் தொழில். பழைய உறையைப் பிரித்தால் உள்ளே என்னென்னவோ கிடக்கும். கொண்டை ஊசி, குழந்தையின் பால் பல், பாதி கடித்த பென்சில். அவற்றைப் பற்றி ஒரு வலைப்பூவில் எழுதிவந்தேன். ரொம்ப நாள் ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. பதிவைப் போட்டுவிட்டு ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பேன், சாப்பாடு ஆறிப்போகும். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

பிறகு தும்பி வந்தாள். பின்னூட்டத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர் அது. பால் பல் பற்றிய பதிவுக்குக் கீழே, ‘அந்தக் குழந்தை பல்லைத் தேடி அழுதிருக்குமே’ என்று எழுதியிருந்தாள். படித்துவிட்டு நான் அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை. பின்னூட்டத்தின் அருமை எழுதுகிறவனுக்குத்தான் தெரியும். ‘சூப்பர்’ என்று போட்டுவிட்டு ஓடுகிறவர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. இவள் வரி விடாமல் படித்து, நான் சொல்லாமல் விட்டதைக் கேட்பாள். அவள் கேட்டதற்குப் பதிலாகத்தான் அடுத்த பதிவையே எழுதுவேன்.

பட்டறையில் எனக்குத் துணையாக இருந்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. வாய் ஓயாது, ஆனால் நல்லவன். அன்று மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றின் அடியில் ஸ்பிரிங்கைத் தாங்கும் துணிப்பட்டையை இருவரும் இழுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தோம். தும்பியிடம் விலாசம் கேட்கப்போகிறேன், நேரில் பார்க்க வேண்டும் என்றேன். அவன் ஆணிகளைக் கீழே வைத்தான்.

“மாமா, கோச்சுக்காதீங்க. தும்பி நான்தான்.”

நான் சிரித்தேன்.

“நெசமா மாமா. பொண்ணுன்னு நீங்களாத்தான் நெனச்சுக்கிட்டீங்க. நீங்க சாப்பிடாம கெடக்கீங்கன்னு அக்கா ஒரே பொலம்பல். பாவமா இருந்துச்சு, அதான் ரெண்டு வரி போட்டேன். அந்தப் பல்லு கமெண்டு, பஸ்ல தொங்கிக்கிட்டே அடிச்சது.”

எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு மென்மையாக எழுதத் தெரிந்த ஒருத்தியின் பெயரை இவன் திருடப் பார்க்கிறானே என்று வருத்தமாகத்தான் இருந்தது. சுத்தியல் என் கையில் இருந்தது. நெற்றியில் அடித்ததும் “மாமா” என்று தரையில் உட்கார்ந்தான். அதன் பிறகு வாயில்தான் அடித்தேன், அந்தப் பொய்யைச் சொன்ன வாய் அது. அப்போதும் முனகல் நிற்கவில்லை. பட்டையைக் கழுத்தில் சுற்றி, முதுகில் முழங்காலை ஊன்றி இழுத்தேன். தினமும் இழுக்கும் பட்டைதானே, எவ்வளவு தாங்கும் என்று கைக்குத் தெரியும்.

அதே சோபாவில் ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு அவனை வைத்து, மேலே பஞ்சு பரப்பித் தைத்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் மேடாக இருக்கிறது என்றுதான் வாங்கியவர் முதலில் குறை சொன்னார். நாற்றமெல்லாம் அப்புறம். தையலை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை.

தம்பியைக் காணோம் என்று மனைவி தெருத்தெருவாக அலைந்தாள். நானும் கூடவே போய்த் தேடினேன்.

அவனை அடித்த அன்று பட்டறையைக் கூட்டும்போது, உடைந்த பல் ஒன்று மேசைக்கு அடியில் கிடந்தது. அதைப் பற்றி உடனே ஒரு பதிவு எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல பதிவு அதுதான் ஐயா. ஆனால் தும்பி இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஒரு பதிவைக்கூட அவள் இப்படி விட்டதில்லை. அவளுக்கு உடம்புக்கு என்னவோ என்று கவலையாக இருக்கிறது.

மச்சினனைக் கொன்றது நான்தான். காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் என் ஃபோனை ஒரே ஒரு தடவை பார்க்க விடுங்கள். தும்பி மேல் என் விரல்கூடப் படவில்லை, அவள் எழுதாமல் இருக்க மாட்டாள்.