கிண்டி மார்க்கை முதலில் பதித்தவர் யார் என்பது குறித்து

சேலம் குற்றவியல் நடுவர் அவர்கள் முன்னிலையில், 1986ஆம் ஆண்டு நவம்பர் மாதம், இறைவன் மீது ஆணையிட்டு அளிக்கப்பட்ட வாக்குமூலம்.

என் பெயர் பக்கீர் முகமது. தகப்பனார் பெயர் அமீர் ஜான், காலமாகிவிட்டார். எனக்கு வயது அறுபத்தெட்டு. ஏற்காடு கடைவீதியில் காப்பித்தூளும் மிளகும் விற்கும் கடை எங்களுடையது. முதுமை காரணமாக நான் கடையை என் மகள் பரிதாவின் கணவர் சையத் இப்ராஹிமிடம் ஒப்படைத்துவிட்டு, மறை ஓதுவதிலும் முன்னோர் செய்யுட்களை உருப்போடுவதிலும் பொழுதைக் கழித்து வருகிறேன். இவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் இருப்பவர் அந்த மருமகனே.

1959ஆம் ஆண்டு நான் கடை தொடங்கியபோது, தொழுகைக்கு முன் கைகால் கழுவ எங்கள் வீட்டில் வைத்திருந்த, குழல்மூக்குள்ள பித்தளைக் கிண்டியைப் பார்த்து, அதன் வடிவைத் தகரத்தில் வெட்டச் செய்து, அந்த அச்சின் மேல் நீலச் சாயம் தடவித் துணிப்பைகளில் பதித்து விற்றேன். அதன் பின்னர் மஞ்சக்குட்டை, செம்மநத்தம் முதலிய ஊர்களிலும் எஸ்டேட்டுகளிலும், கீழே சேலத்திலும் ஜனங்கள் கடையின் பெயரைச் சொல்லாமல் கிண்டி மார்க் என்றே கேட்டு வாங்கலாயினர். இம்முத்திரையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

எங்கள் மலையில் வியாபாரிகளிடையே ஒரு வழக்கம் உண்டு. மழையில் பாதை அடைபட்டு ஒருவருடைய சரக்கு போக முடியாதபோது, அவருடைய அச்சுத்தகட்டை வாங்கி, பாதைக்கு அப்பால் உள்ள மற்றொரு வியாபாரி அவர் பெயரில் சரக்குக் கட்டி அவருடைய வாடிக்கையாளருக்குக் கொடுப்பார். பாதை திறந்ததும் தகடு ஜீப்பில் திரும்பி வந்துவிடும். இதற்கு எழுத்தும் கிடையாது, கூலியும் கிடையாது.

1972ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் மண் சரிந்து பஸ் நின்றபோது, இவ்வழக்கப்படி, சேலத்தில் காப்பிக்கொட்டை வறுத்து அரைக்கும் அங்கப்பன் என்பவருக்கு என் தகடுகளில் ஒன்றை நடந்து இறங்கிய ஆள் மூலம் அனுப்பினேன். அவர் என் வாடிக்கையாளர் எவரும் வெறுங்கையோடு திரும்பாதபடி சரக்குக் கொடுத்தார். அதை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அதன் பின்னர் பல ஆண்டுகள் அவர் சேலத்திலும் நாங்கள் மலையிலும் அதே முத்திரையில் விற்றோம். சென்ற ஆண்டு அவர் சென்னையில் விண்ணப்பித்துக் கிண்டி மார்க்கைத் தம் பெயரில் பதிவு செய்துகொண்டார். விண்ணப்பத்தை அரசிதழில் வெளியிட்டார்கள் என்றும், ஆட்சேபிக்கத் தவணை கொடுத்தார்கள் என்றும் எங்கள் வக்கீல் அருள்சாமி பிற்பாடுதான் விளக்கினார். அப்படியோர் இதழை ஏற்காட்டுக் கடைவீதியில் எவரும் கண்டதில்லை.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை பகலில், கடையில் ஆள் நிறைந்திருந்த வேளையில், அங்கப்பன் கொடுத்த புகாரின் பேரில் போலீசார் வந்து பைகளையும் தகட்டையும் கைப்பற்றினர். உடன் வந்த காவலர் ஒருவர், “என்ன பாய், தொழுகுற கையில திருட்டு மார்க்கா?” என்றார். சிலர் சிரித்தார்கள். மிளகு வாங்க வந்திருந்த மாதம்மாள் என்பவர் மட்டும், “ஏனுங்க, நான் கண்ணாலம் கட்டி வந்த நாள்ல இருந்து இந்தக் கிண்டியத்தான் பாக்கறேன். உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்?” என்று கேட்டார். அதன் பின்னர் என் மருமகனை ஜீப்பில் ஏற்றிச் சென்றனர். அவருடைய மூக்குக்கண்ணாடி தராசுத் தட்டிலேயே கிடந்தது. அஃதில்லாமல் அவருக்கு எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. சிறையில் அதைச் சேர்ப்பிக்க இரண்டு முறை முயன்றும் இயலவில்லை.

அதன் பின்னர் அங்கப்பனின் கணக்குப்பிள்ளை வேடியப்பன் என் வீட்டுக்கு வந்தார். “பெரியவங்க நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க. மார்க்கு மொதல்ல மொதலாளியுதுதான், நாங்க பின்னாலதான் போட்டோம்னு சொல்லிப்போடுங்க. மாப்பிள்ளை அன்னைக்கே ஊட்டுல சோறு திம்பாரு” என்றார். நான் மறுத்தேன். அவர் எழுந்து, “நொம்ப யோசிக்காதீங்க பாய். கிண்டி இல்லாட்டிக் குடம்னு போட்டுக்குங்க” என்று சொல்லிச் சிரித்தபடி சென்றார்.

முதலில் பயன்படுத்தியவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு என்றும், எங்களிடம் பழைய ரசீதுகள் இல்லாமையால் நானே முக்கிய சாட்சி என்றும் வக்கீல் கூறினார். அப்போது நான் அவரிடமும் என் மகளிடமும் ஒரு செய்தியைச் சொன்னேன். அதைக் கேட்ட வக்கீல், இது வெளிவந்தால் முத்திரையை நானே கொடுத்துவிட்டதாக எதிர்த்தரப்பு வாதிடும் என்றும், வழக்கு தோற்கக்கூடும் என்றும் எச்சரித்தார். என் மகள் என் கைகளைப் பிடித்துக்கொண்டு, “அத்தா, பொய் சொல்லச் சொல்லலீங்க. அந்த ஒரு வார்த்தைய மட்டும் உட்டுடுங்க. சும்மா இருந்தா அது பொய்யாகுமுங்களா?” என்று கேட்டாள். அதன் பின்னர் எனக்கு உறக்கம் சரியாக வரவில்லை. ஓதும்போதும், ஓதிய இடத்தையே மீண்டும் ஓதுகிறேன்.

சாட்சியை மறைப்பவனின் உள்ளம் பாவம் சுமக்கிறது என்பது என் மார்க்கம் எனக்கு விதித்தது. சொந்தக்காரருக்குக் கேடாக முடிந்தாலும் அதற்கு விலக்கில்லை. ஆகவே அச்செய்தியையும் சொல்கிறேன்.

1972இல் பாதை திறந்ததும் அங்கப்பன் தகட்டைத் தம் கையாலேயே கொண்டுவந்து என் கடையில் வைத்தார். அவர் திருடவில்லை. நான்தான் அதை மீண்டும் அவர் பையில் போட்டு, “இருக்கட்டும் தம்பி, கிண்டி உங்ககிட்டயும் இருக்கட்டும். நமக்குள்ள என்னுது உன்னுதுன்னு எதுக்கு?” என்றேன். அப்போது எங்களிருவரையன்றி வேறெவரும் அங்கில்லை. அங்கப்பன் தம் புகாரில் இதைக் குறிப்பிடவில்லை. மறந்திருக்கலாம்.

கிண்டியில் நீர் மொண்டுகொள்ளச் சொன்னேனேயன்றிக் கிண்டியைக் கொடுத்துவிட்டதாக நான் எண்ணவில்லை. நான் பயன்படுத்தக் கூடாதென்று அவர் ஒரு நாளும் சொன்னதுமில்லை. ஆயினும் அச்சொல்லுக்குச் சட்டம் என்ன பொருள் கொள்ளும் என்பதை நான் அறியேன். அதை நீதிமன்றத்துக்கே விடுகிறேன்.

என் மகள் பரிதா வெளியே வராந்தாவில் அமர்ந்திருக்கிறாள். அந்த வார்த்தையை நான் விட்டுவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அதற்கு முன் ஊழியர் எவரும் அவளிடம் பேச வேண்டாம் என்று பணிவுடன் வேண்டுகிறேன்.

இதில் கண்டவை யாவும் எவருடைய தூண்டுதலும் அச்சுறுத்தலும் இன்றி நான் சொல்ல எழுதப்பட்டவை. எனக்கு உரக்கப் படித்துக் காட்டப்பட்டன. கூட்டவோ குறைக்கவோ ஏதுமில்லை என்று கண்டு, உண்மையென ஒப்பிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) அ. பக்கீர் முகமது