பனம்பழத்தில் கசப்பு இல்லையென்று எழுதிக்கொடுத்தவன்

பஞ்சாயத்தையும் இந்தப் பந்தலையும் ஒருசேர நடத்தும் அவைத்தலைவர் பொன்னழகு அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மடியில் குழந்தையையும் மனத்தில் பொறுமையையும் தாங்கி அமர்ந்திருக்கும் குஜிலியம்பாறைத் தாய்மார்களே! ஒலிபெருக்கி தந்த மீரான் பாய் அவர்களே! திண்டுக்கல் கல்லூரியொன்றின் வேதியியல் கூடத்தில் வடித்து, வற்றவைத்து, எடைபோட்டுப் பிழைக்கும் சௌகத் அலியின் வணக்கம்.

பனம்பழத்தின் பெருமை என்று நோட்டீசில் அச்சிட்டிருக்கிறார்கள். நான் பேசவந்தது என் சிறுமையை.

பனம்பழத்தில் ஒரு கசப்புச் சத்து உண்டு. மருந்துக்கு உதவலாம் என்கிறார்கள். அது எவ்வளவு என்று அளக்கச் சொன்னது உங்கள் பஞ்சாயத்து. இருந்தால் உங்கள் குளத்துக் கரையில் நிற்கும் அறுபத்திரண்டு பனைகளும் நிற்கும். இல்லையென்றால் செங்கல் சூளைக்குப் போகும். பழம் கேட்டேன், கூடை கூடையாக வந்தது. பிழிந்தேன், வடித்தேன், எரிசாராயத்தில் ஊறவைத்தேன். மதுவிலக்குச் சட்டப்படி அதை வாங்க மூன்று கையெழுத்து. வாங்கியபின் என் வாயை முகர ஒரு காவலர். எடைபோட்டேன். கசப்பு எங்கே? கடுகளவும் இல்லை! மறுபடி போட்டேன். மறுபடியும் இல்லை! இல்லையென்று எழுதி அனுப்பிவிட்டேன்.

"சுருக்கமாப் பேசுங்கப்பு" என்கிறார் பின்வரிசை அன்பர். சுருக்கமாக எழுதியதால் வந்த வினைதான் ஐயா இது.

போன வாரம், பழம் அனுப்பிய சிவனம்மாள் அம்மையாரைப் பார்த்தேன். "என்னம்மா, உங்க ஊர்ப் பழத்துல கசப்பே இல்லையே?" என்றேன்.

"எப்புடிய்யா இருக்கும்? தேடி வந்து கேட்ட மனுசருக்குக் கசக்குற பழத்தையா குடுப்போம்? மரத்துக்கு ஒண்ணு சுட்டுத் தின்னு பாத்து, இனிக்கிற மரத்துப் பழமாத்தேன் அனுப்புனோம். எம்புட்டு மெனக்கெட்டோம் தெரியுமா!"

அவர்கள் மரியாதை செய்தார்கள். நான் அதை விஞ்ஞானம் என்று எழுதினேன். யார் குற்றம்? எந்த மரத்துப் பழம் என்று கேட்டேனா? எதை ஒதுக்கினீர்கள் என்று கேட்டேனா? கேட்காதவன் குற்றம்! ஒதுக்கிய மரங்களின் பழத்தை அளந்தேன். இருக்கிறது ஐயா, கசப்பு இருக்கிறது! எந்த நோய்க்கு ஆகும் என்று மட்டும் கேட்காதீர்கள். தெரியாததற்கு இன்னொருமுறை கையெழுத்திட மாட்டேன்.

தலைவர் அவர்களே! என் தாளை நம்பி நீங்கள் இட்ட உத்தரவோடு நாளைக் காலை கோடாரி வருகிறது. இதோ திருத்திய தாள். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஊரறிய நீட்டுகிறேன். என் வேலை போகலாம். போகட்டும்! எடைபோட வேறொருவன் நாளையே கிடைப்பான். அறுபது ஆண்டுப் பனை நாளையே கிடைக்குமா? உத்தரவை ரத்துசெய்யுங்கள், இங்கேயே, இப்போதே!

தலைவர் பேனாவைத் தேடுகிறார். மூக்குக்கண்ணாடியையும் தேடுகிறார். நிதானமாகத் தேடட்டும். அதுவரை ஒலிபெருக்கியை விடுவதாக இல்லை.

கையெழுத்திட்டுவிட்டார். பேசவிட்ட உங்களுக்கு நன்றி; நிற்கப்போகும் அறுபத்திரண்டுக்கும் வணக்கம்.