நான் ஊற்றாத தண்ணீர்

சாக்கு வெளுத்திருந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான். அதைச் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன். ஆனால் வணங்க வேண்டியவர்களை வணங்காமல் வாய் திறப்பது முறையல்ல.

காற்றில் பறக்கும் தாள்களை ஒரு கையால் அமுக்கி, கலகலக்கும் கூட்டத்தை மறு கையால் அமர்த்தும் எங்கள் மன்றத் தலைவர் ராஜசேகர் ஐயா அவர்களே! பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து, கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளர்களுக்குத் திட்ட மேலாண்மை கற்பித்து, மாதம் இருமுறை மலையேறி வந்து, அதே பாடத்தை அதே மரியாதையோடு எங்களுக்கும் சொல்லித்தரும் பயிற்சியாளர் அம்ருதா அக்கா அவர்களே! பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மலைச்சரிவில் வளைந்த முதுகை இன்று ஒருநாள் நாற்காலியில் நிமிர்த்தி அமர்ந்திருக்கும் அம்மாமார்களே, அத்தைமார்களே, அக்காமார்களே! நாற்காலிகளைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, நிற்பதே வசதி என்பதுபோல் நிற்கும் மாமாமார்களே, அண்ணன்மார்களே! மாட்டுப்பட்டி அணைக்கரையில் சோளம் சுட்டு விற்கும் கிருத்திகாவின் வணக்கம்.

கைதட்ட வேண்டாம். தட்டினால் எழுதி வைத்தது மறந்துவிடும். கேட்கவில்லையா? செபமாலை அத்தை சத்தமாகப் பேசச் சொல்கிறார். இந்தச் சத்தமே எனக்குப் புதிது அத்தை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சற்று முன் தலைவர் ஐயா அறிவித்தார். நம் மலைக்கான திட்ட மேலாண்மைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து ஜீவிதாவை எடுத்துவிட்டு, என்னை அந்த இடத்தில் வைப்பதாக அறிவித்தார். நீங்களும் தட்டினீர்கள். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்ட ஒரு பெண்ணுக்கு, பதினெட்டு வயதில் இப்படி ஒரு பதவி. ஏற்புரை ஆற்று என்றார்கள். ஆற்றுகிறேன். ஆனால் ஏற்பதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது; எண்ணிப் பார்க்க வேண்டியது நீங்கள்.

பயிற்சியாளர் என்றால் யார்? பெரிய புத்தகம் வைத்திருப்பவரா? பெரிய பேச்சுப் பேசுபவரா? முதல் நாள் அம்ருதா அக்கா வந்தபோது ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவர் என்று நினைத்துக் கார்டோடு வந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். சிரிப்பவர்களைப் பார்த்தால் தெரியும். அவர் கார்டைப் பார்க்கவில்லை. சுவரில் பெரிய வெள்ளைத் தாளை ஒட்டினார். சுற்றுலாப் பயணிகளுக்கு மதியச் சோற்றுப் பொட்டலம் போட ஒரு பொதுச் சமையல்கூடம் கட்ட வேண்டும் என்றுதானே கேட்டீர்கள், அது திறக்கிற நாளைக் கடைசியில் எழுதுங்கள் என்றார். அங்கிருந்து பின்னோக்கி நடந்து வாருங்கள் என்றார். திறப்பதற்கு முன் அடுப்பு, அடுப்புக்கு முன் தரை, தரைக்கு முன் மண். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வண்ணச் சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பெயர். முடிவிலிருந்து திரும்பி நடந்து வரக் கற்றுக்கொடுப்பவரே பயிற்சியாளர் என்று அன்று தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட அன்றே எனக்கு அந்த வேலையின் மேல் ஆசை வந்துவிட்டது.

ஆசை வந்த பெண் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்திருக்க வேண்டும். நான் எழவில்லை. அம்ருதா அக்கா ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல எது எது தப்பாப் போகும்? போச்சுன்னா மொதல்ல யார் கண்ணுல படும்? நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ."

எனக்கு விடை தெரியும். மண் லாரி வரவில்லை என்றால் வளைவில் டீக்கடை வைத்திருக்கும் பழனிச்சாமி மாமாவுக்குத்தான் முதலில் தெரியும்; அவர் பெயரும் போன் நம்பரும் சீட்டில் இருக்க வேண்டும். விடை தொண்டை வரை வந்தது, நாக்கில் ஏறவில்லை. பக்கத்தில் இருந்த ஜீவிதாவின் காதில் சொன்னேன். ஜீவிதா எழுந்தாள், நான் சொன்னதையே சொன்னாள். குரல் நடுங்கவில்லை, சொல் தடுக்கவில்லை. அரங்கம் கைதட்டியது. அம்ருதா அக்காவின் முகம் மலர்ந்தது. இந்த மலைக்கு ஒரு பயிற்சியாளர் கிடைத்துவிட்டார் என்றார்.

அவள் திருடினாளா? இல்லை. உட்கார்ந்ததும் என் தொடையைக் கிள்ளி, "ஏ புள்ள, நீயே எந்திரிச்சுச் சொல்ல வேண்டியதுதான, உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். நியாயமாகக் கேட்டதற்காகவே அவளை மன்னிக்க முடியவில்லை.

பெரியோர்களே! பொறாமையைப் பற்றிப் பொதுவாகப் பேசிவிட்டுப் போவது எளிது. என் பொறாமை பொதுவானதல்ல. ஜீவிதா கழுத்தில் தொங்கிய அட்டையின் மேல் பொறாமை. அவள் எழுதினால் வளையாமல் நிற்கும் வரிகளின் மேல் பொறாமை. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை அவள் அம்மா பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறாரே, அந்த உறையின் மேல்கூடப் பொறாமை. மறையூர் இறங்கி, உடுமலைப்பேட்டை கடந்து பாலக்காட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தபோது, நானும் அசைத்தேன். கை அசைந்தது, நெஞ்சு எரிந்தது. சோளத்தைச் சுடும் கரிக்கு அவ்வளவு சூடு கிடையாது.

இனி தரைக்கு வருகிறேன்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையல்கூடத்துக்குத் தரையும் அடுப்பு மேடையும் கான்கிரீட் போட்டோம். ஏழு நாள் சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைக்க வேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். சீட்டில் எழுதினோம்: ஏழு காலை, தண்ணீர், சுருளியம்மாள். சுருளி அத்தை குடியிருக்கும் லயம் பக்கத்திலேயே இருக்கிறது, பொருத்தமான ஆள். திங்கட்கிழமை ஜீவிதா பயிற்சிக்காகக் கஞ்சிக்கோட்டுக்குப் புறப்பட்டாள். பஸ் ஏறும் முன் என்னிடம் வந்தாள். நான் தினமும் சோள மூட்டையோடு அந்த வழியாகத்தான் போகிறேன். போகும்போது தரையை ஒரு கண் பார்த்துக்கொள் என்றாள். சரி என்றேன்.

அவள் என்னிடம் அப்படிச் சொன்னது உங்களுக்குத் தெரியாது. இங்கே இருக்கும் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

திங்களும் செவ்வாயும் சுருளி அத்தை ஊற்றினார். செவ்வாய் இரவு அவருக்குக் காய்ச்சல். புதன்கிழமை மகள் வந்து போடிக்குக் கூட்டிப்போனாள். அத்தை, தலையைக் குனியாதீர்கள்; காய்ச்சல் உங்கள் குற்றமல்ல.

புதன்கிழமை காலை போனைப் பார்த்தேன். ஜீவிதா படம் போட்டிருந்தாள். தொழிற்சாலை அறை, பின்னால் திரை, முன்னால் சட்டை போட்ட மேற்பார்வையாளர்கள் பத்துப் பேர். நடுவில் அவள் நிற்கிறாள், கையில் பேனா. அந்தப் படத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பார்த்துக்கொண்டே நடந்தேன். சமையல்கூடம் வந்தது. நிமிர்ந்தேன்.

சாக்கு வெளுத்திருந்தது. நனைந்த சாக்கு கறுப்பாக இருக்கும். இது காய்ந்து, ஓரம் சுருண்டு, காற்றில் தூக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குழாய். குழாயடியில் வாளி. இருபது தப்படி தூரம்கூட இருக்காது.

நான் போய்விட்டேன்.

வியாழக்கிழமையும் பார்த்தேன். வியாழக்கிழமையும் போய்விட்டேன். அன்று சாயந்திரம் ஜீவிதா போன் செய்தாள். அத்தை தண்ணீர் ஊற்றுகிறாரா என்று கேட்டாள். "ம்" என்றேன். பேசத் தெரியாத பெண் என்று ஊரே என்னைச் சொல்லும். ஓர் எழுத்தில் பொய் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமையும் காற்று அடித்தது, வெயில் அடித்தது, நான் கடந்து போனேன்.

சனிக்கிழமை அவள் வந்து சாக்கைத் தூக்கினாள். தரை குறுக்கே வெடித்திருந்தது. அடுப்பு மேடையைத் துடைப்பத்தால் தட்டினால் பொடி பொடியாக உதிர்ந்தது. உடைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும் என்றார் மேஸ்திரி.

கூட்டம் கூடியது. அன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காலையில் பேர் கொடுக்க மஸ்டருக்குப் போகிற வழியில் பன்னிரண்டு பெண்கள் அந்தத் தரையைத் தினமும் தாண்டினீர்களே, ஒருவர்கூடத் தண்ணீர் ஊற்றவில்லையா என்று தலைவர் ஐயா கேட்டார். செபமாலை அத்தை எழுந்தார்.

"அதுல சுருளி பேருல்ல எழுதியிருக்கு. அவ நிரையில நா எப்பிடி கைய வைக்கிறது? நாளைக்கு என் நிரையில அவ கைய வச்சா நா சும்மா விடுவனா?"

அம்ருதா அக்காவுக்கு இது புரிய நேரம் ஆனது. தேயிலைக் காட்டில் ஆளுக்கொரு நிரை. செடிகளின் வரிசை அது; அன்றைக்கு யாருக்குப் பிரித்துக் கொடுத்தார்களோ அவருக்கே சொந்தம். பக்கத்து நிரையில் கொழுந்து தளதளவென்று நின்றாலும் கை நீளக் கூடாது. நீண்டால் களவு. இது பயமல்ல, சோம்பலல்ல, அலட்சியமல்ல. இது நம் மானம்! அந்த மானத்தைக் கொண்டுபோய் நாம் ஒரு வண்ணச் சீட்டின் மேல் வைத்துவிட்டோம். பெயர் எழுதிய சீட்டை வேலி என்று நினைத்துவிட்டோம்.

அன்று நான் எழுந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக எழுந்தேன். தண்ணீர் நின்றது எந்த நாள் என்று சொன்னேன். ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு பெயர் எழுதுங்கள், அப்போது ஒருவர் வராவிட்டால் மற்றவர் கை வைப்பது களவாகாது என்று சொன்னேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். ஊமைப்பெண்ணுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்றீர்கள். எந்த நாள் தண்ணீர் நின்றது என்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டியவள் ஜீவிதா. அவள் கேட்கவில்லை. தலைவர் ஐயா அவளிடம் விளக்கம் கேட்டபோது, திட்டம் என்னுடையது, தப்பும் என்னுடையது என்று மட்டும் சொன்னாள். என் பக்கம் ஒரே ஒருமுறை பார்த்தாள். அந்த "ம்" அவள் கண்ணில் இருந்தது. சொல்லியிருந்தால் அன்றே தப்பித்திருப்பாள். சொல்லாமல் வேலையை இழந்தாள். தாய்மார்களே, அவளுடைய பேச்சின் மேல் பொறாமைப்பட்டவள் நான். அன்று அவளுடைய மௌனத்தின் மேலும் பொறாமைப்பட்டேன். மௌனம் எனக்குச் சொந்தமான ஒரே சொத்து என்று நினைத்திருந்தேன். அதையும் அவள் என்னைவிட நன்றாகச் செய்தாள்.

இப்போது சொல்லுங்கள். கொழுந்து பறிக்கும் பன்னிரண்டு பேருக்கும் நிரை இருந்தது, வழக்கம் தடுத்தது. எனக்கு எந்த நிரை? எனக்கு எந்த வழக்கம்? நான் சோளம் விற்பவள். என் கையைத் தடுக்க இந்த மலையில் எதுவும் இல்லை. பார்த்துக்கொள் என்று சொல்லப்பட்டவள் நான். பார்த்தவள் நான். குழாய் பக்கத்தில் நின்றவள் நான். வெடித்தது சுருளி அத்தையாலா? செபமாலை அத்தையாலா? ஜீவிதாவாலா? வெடிக்க விட்டவளுக்கு மாலை போட்டு, வெடித்ததற்குத் தலைகுனிந்தவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருக்கிறோமே, இந்தக் கணக்கு நேராகுமா?

அழாதே அம்மா. நீ அழுதால் நான் முடிக்க முடியாது.

ஒரு சொல் கூடுதலாகச் சொல்லிவிடுகிறேன். மனம் மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பொறாமை போகவில்லை. இதோ, இங்கிருந்து பார்க்கிறேன்; ஜீவிதா போட்டிருக்கும் ஊதாச் சுடிதார் அவளுக்கு அழகாக இருக்கிறது; அதுவும் எரிகிறது. அந்த வேலை எனக்கு இன்னமும் வேண்டும். கஞ்சிக்கோட்டு அறையில் பேனாவோடு நிற்க வேண்டும். அம்ருதா அக்கா, அடுத்த அணிக்கு ஆள் எடுக்கும்போது என்னைச் சோதியுங்கள். கேள்வி கேளுங்கள். யார் காதிலும் சொல்ல மாட்டேன். எழுந்து நின்று, நடுங்கினாலும் நானே சொல்வேன். தோற்றாலும் என் தோல்வியாக இருக்கட்டும். ஆனால் காய்ந்த தரையின் மேல் ஏறி நின்று கிடைக்கும் உயரம் எனக்கு வேண்டாம்! இன்னொருத்தி வாய்மூடியதால் கிடைக்கும் பெயர் எனக்கு வேண்டாம்! ஜீவிதாவின் இடம் ஜீவிதாவுக்கே! அதை இந்த மேடையில், இந்த மைக்கில், இத்தனை பேர் காது கேட்கக் கேட்கிறேன்.

இதுவரை பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், கோபம் வந்தும் எழுந்து போகாத உங்களுக்கும், மலையேறி வந்து எங்களையும் படிக்கும் பிள்ளைகளாக நினைத்த அம்ருதா அக்காவுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

ஐயா, இந்தத் தீர்மானப் புத்தகத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. அதை மூடி உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். கீழே இறங்குகிறேன். செபமாலை அத்தை, காலைக் கொஞ்சம் மடக்குங்கள், கடைசி வரிசைக்குப் போக வேண்டும்.