திரையைத் திறக்கச் சொல்வது யார்

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூருக்குப் போகும் காலைப் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் ஒரே கம்பெனியின் சீருடைச் சேலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"சாயங்காலம் கரண்டு போச்சுன்னா நான் செத்தேன், மஞ்சுளா."

அன்று மாலை கம்பெனி ஆண்டு விழாவாம். மேடைப் பொறுப்பு முதல் முறையாக அவளுக்கு வந்திருந்தது. போன வருஷம் அதைப் பார்த்தவள் மஞ்சுளா.

"ஜெனரேட்டருக்குச் சொன்னியா?"

"வந்து நிக்குதாம்."

"நின்னா போதுமா? மத்தியானமே ஓட்டிப் பாத்துரு. ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னாடி தள்ளி வை. பின்னாடி இருந்தா வீல்னு கத்தும்."

"திரையைத் திறக்க யாரு சொல்றது? மேனேஜரு, நாந்தான் சொல்வேங்கறாரு. யூனியன்காரரும் அதையேதான் சொல்றாரு."

"நீ மட்டுந்தான் சொல்லணும். ரெண்டு பேர் சொன்னா, திரையை ஒரு பக்கத்துக்காரன் இழுப்பான், இன்னொரு பக்கத்துக்காரன் சும்மா நிப்பான்."

"மேனேஜர்கிட்ட அதை எப்படிடீ சொல்றது?"

மஞ்சுளா அவள் பக்கம் திரும்பினாள்.

"போன வருஷம் நான் அவர்கிட்ட அதைச் சொல்லலை. திரை பாதியில நின்னுபோச்சு. அதான் இந்த வருஷம் வேலை உங்கிட்ட வந்திருக்குது."

ஓசூரில் பஸ் நின்றது. ஜன்னலோரப் பெண், "சார், நான் சொன்னப்புறந்தான் திறக்கணும்... சார், நான் சொன்னப்புறந்தான்..." என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடியே இறங்கினாள்.