முள் மாட்டாத எடை

மரமீனை முள் மாட்டாமல் எடை பார்க்கக் கூடாது, ஐயா. புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு அது. தூண்டிலில் இரையாகக் கட்ட மரத்தை மீன்போலச் செதுக்கி, வயிற்றில் துளையிட்டு எடைக்கு ஈயம் வைத்து, தொட்டியில் விட்டுப் பார்ப்பார்கள். அழகாக மிதக்கும். பிறகு தூண்டில் முள்ளை மாட்டி ஏரியில் வீசினால் கல்லைப்போல் அடியில் போய்விடும்.

என் தம்பிக்கு இதைப் பதினேழு வருடம் சொன்னேன். செதுக்குவது அவன், ஈயம் வைப்பது நான். அவனுக்குக் கைத்திறன் உண்டு, பொறுமை கிடையாது.

"முள்ள மாட்டிட்டுப் பாருடா."

"மீனே இவ்வளவு யோசிக்காதுண்ணா. விடு."

தனியாகக் கடை போடப்போவதாக ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது சொன்னான். "ஈயத்த நானே வெச்சுக்கறேன். அது என்ன பெரிய வித்தையா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். எங்களுக்கு வேறு யாரும் இல்லை. பட்டறையில் இரண்டு முக்காலிகள். ஒன்று காலியாகக் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவனுக்கு நீச்சல் தெரியாது. படகில் போடுகிற மிதவைச் சட்டையைப் பட்டறையில் மிஞ்சிய மரத்துண்டுகளை வைத்து நாங்களே தைத்திருந்தோம். பன்னிரண்டு கட்டைகள். தையலைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் துளையிட்டு ஈயம் வைத்தேன். மரத்தூளும் பசையும் கொண்டு அடைத்து, பழைய ஊசித் துளைகளிலேயே திரும்பத் தைத்தேன். சட்டை தனியாக மிதக்கும். ஆள் சேர்ந்தால் மிதக்காது. அவ்வளவு துல்லியமாக நான் வேறு எதையும் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மீன் பிடிக்கப் புறப்பட்டோம். படித்துறையில் சட்டையைத் தூக்கிப் பார்த்தான்.

"என்னண்ணா, கனக்குது?"

"ஈரம் ஏறியிருக்கும்."

தண்ணீரில் வீசினான். மிதந்தது. "சரி, வா" என்று எடுத்து மாட்டிக்கொண்டான்.

நடு ஏரியில் நான் எழுந்து நின்றேன். படகில் யாரும் எழுந்து நிற்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். படகு கவிழ்ந்ததும் "அண்ணா" என்று ஒரு தடவை கூப்பிட்டான். நான் நீந்திக் கரைக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு நான் ஈயம் வைக்கிற எந்த மரமீனும் படுத்து மிதப்பதில்லை. வால் கீழே போய், தலை மட்டும் மேலே வந்து, வாயைத் தண்ணீர் விளிம்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து நிற்கிறது. துளையை எங்கே மாற்றினாலும் அப்படித்தான். நீங்கள் கூப்பிடாமலே நான் காவல் நிலையத்துக்கு வந்தது அதனால்தான்.

ஈயம் வைத்தது நான், படகைக் கவிழ்த்தது நான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் சட்டையை வெறுமனே வீசிப் பார்த்தானே, அதையும் எழுதுங்கள். பதினேழு வருடம் படித்துப் படித்துச் சொன்னேன், ஐயா. அவன் கேட்கவே இல்லை.