சுண்டுவிரல் வெள்ளி

நிலா மேற்கு மலைக்குப் பின்னால் சறுக்கி இறங்கிவிட்ட நேரம். கால்வாய்க் கரையிலிருந்து உப்புக் கூடாரங்களுக்குப் போகும் பாதை. பகலிலேயே அந்தப் பக்கம் யாரும் நடமாடுவதில்லை, நாய்களைத் தவிர. நாய்கள் எதற்குப் போகின்றன என்று நான் சொல்ல மாட்டேன்... நெருப்போரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பஷேது இன்னும் அவரையைத் தின்று முடிக்கவில்லை.

அந்தப் பாதையில் ஒருவன் தனியாக நடந்து போனான். பெயர் மின்மோஸ். இதோ, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே கென்னா, இவனுடைய அக்காள் தாகாத்தின் புருஷன்.

"எங்க மச்சான் கதைய ஏண்ணே இப்ப எடுக்கறீங்க," என்றான் கென்னா.

"கல்லறைக் காவலுக்கு வந்துட்டு தூங்கப் பாக்கறியா? நீங்க சொல்லுங்கண்ணே," என்றான் பஷேது.

மின்மோஸுக்கு, செத்தவர்களை உப்பில் புதைத்து உலர்த்துகிற அந்தக் கூடாரத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. சாதாரண வேலை இல்லை அது. பிணத்தைத் தொட்ட உப்பு, கந்தல், வடிந்த நீர், எதையும் வெளியே கொட்டிவிட முடியாது. எல்லாவற்றையும் சாடிகளில் அடைத்து, வாயை மண்ணால் பூசி, கல்லறைக்குப் பக்கத்திலேயே புதைக்க வேண்டும். செத்தவர் கொஞ்சம் கொஞ்சமாக அதிலெல்லாம் ஊறியிருக்கிறார் அல்லவா? ஒரு பிடி உப்பைத் தவறவிட்டால், அந்த ஒரு பிடி ஆள் இங்கேயே தங்கிவிடுவார்.

அப்போது உப்பில் கிடந்தவர் உசர்மோந்து. கருவூலமான வெள்ளி மாளிகையின் கண்காணிப்பாளர், மன்னரின் வலப்பக்கத்து விசிறிக்காரர், தேவனின் செருப்புக்கு அருகில் நிற்பவர்... பட்டங்களைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரே நிற்பவனுக்குப் பசி வந்துவிடும். தங்கம் பூட்டியவர்களைப் பார்த்தால் அவருக்கு இரக்கம் சுரக்கும். "பாவம், உள்ளூர்ச் சரக்கு" என்பார். தங்கம் நம் பாலைவனத்திலேயே கிடைக்கிறது. வெள்ளி கடல் தாண்டி வர வேண்டும். தேவர்களுக்குச் சதை பொன், எலும்பு வெள்ளி என்று கோயிலில் பாடுவார்களே, அதைத் தன்னைப் பற்றித்தான் பாடுகிறார்கள் என்று அவர் மனதார நம்பினார். முழங்கைவரை வெள்ளிக் காப்புகள். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார்.

எலும்பு தேவனுடையதாக இருக்கலாம், வயிறு நம்முடையதுதான். திருவிழா விருந்தில் வாத்துக் கொழுப்பைத் தின்று தின்று அங்கேயே சாய்ந்தார். கோடைக்காலம். எந்தப் பட்டத்தை முதலில் சவப்பெட்டியில் எழுதுவது என்று பிள்ளைகள் சண்டை போட்டு முடிப்பதற்குள் அவர் ஊதிவிட்டார். காப்புகள் சதைக்குள் போய்விட்டன. அறுத்துத்தான் எடுத்தார்களாம்... உள்ளே எலும்பு தெரிந்தது. அதுவும் வெள்ளி இல்லை. எல்லோருக்கும் இருக்கிற அதே மஞ்சள்.

அதே நாட்களில் மின்மோஸ் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்திருந்தது. முன்னால் பிறந்தவையெல்லாம் வீட்டுத் தரைக்குக் கீழே சின்னச் சாடிகளில் படுத்திருக்கின்றன. அவற்றின்மேல் பாய் விரித்துத்தான் தாகாத் இதைப் பெற்றாள். இதுவும் தொண்டையில் கீச்... கீச்... என்று மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தாயத்துக் கட்டுகிறவள் வந்து பார்த்தாள். "நிலா தேஞ்சாலும் திரும்ப வளந்துடுது. வெள்ளி அதோட உடம்பு. ஒரு துளி கழுத்துல கெடந்தா இதுவும் வளரும். இல்லன்னா தரையத் தோண்டு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதனால்தான் அந்த நேரத்தில் அந்தப் பாதை.

மறுநாள் உசர்மோந்துக்குத் துணி சுற்றுவதாக இருந்தது. உப்பிலிருந்து எடுத்துச் சாய்பலகையில் போட்டிருந்தார்கள். நகங்கள் உதிராமல் இருக்க விரலுக்கு ஒரு வெள்ளிக் கூடு மாட்டியிருந்தார்கள். ஆமணக்கெண்ணெய் விளக்கு. வாசலில் காவல்காரன் பார்லிக் கள் குடித்துவிட்டு உறங்கிக்கொண்டிருந்தான். மின்மோஸ் சுண்டுவிரல் கூட்டைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. திருகினான்...

ச்ளக்.

கூடு வந்தது. கனமாக வந்தது. மனிதர் அத்தனை கொழுப்பு, உப்பு உள்ளே இறங்கவே இல்லை. வேகவைத்த அவரையைப் பிதுக்கினால் தோல் கழன்று வருமே, அப்படி விரலின் தோல் நகத்தோடு கூட்டுக்குள் இருந்தது. பின்னாலேயே மீன் ஊறிய சாடியின் அடித்தண்ணீர் மாதிரி ஒன்று வழிந்தது.

பஷேது கையிலிருந்த அவரையைக் கீழே வைத்தான்.

மின்மோஸ் யோக்கியன். தோலை வழித்து எடுத்துத் திரும்ப விரலில் மாட்டினான். ஒழுகியதைத் துடைத்தான், துடைத்த கந்தலைச் சாடியில் போட்டான், கை கழுவிய தண்ணீரையும் ஊற்றி மூடினான். உசர்மோந்து ஒரு சொட்டுக்கூடத் தவறவில்லை. ஆனால் வெளியே போகிறவனைக் காவல்காரன் இடுப்புத்துணி அவிழ்த்துச் சோதிப்பான், குடித்திருந்தாலும் அதை மட்டும் மறக்க மாட்டான். கூட்டை எங்கே ஒளிப்பது?

கன்னத்தில் அடக்கிக்கொண்டான்.

"அண்ணே, போதும்ணே," என்றான் பஷேது.

வீடுவரை எச்சிலைத் துப்பவில்லை. துப்பினால் அவர் பாதையில் சிந்திவிடுவார் என்று பயம்... விழுங்கிக்கொண்டே நடந்தான்.

விடிவதற்குள் அதைத் தட்டிப் பிறை செய்து பிள்ளையின் கழுத்தில் கட்டினான். கீச்சு நின்றது. அன்று பகல் முழுக்கப் பிள்ளை தூங்கியது. தாகாத் அதன் மூக்கருகே காதை வைத்துக்கொண்டு அழுதாள். மறுநாள் காலை பார்த்தால் பிறை கறுத்துக் கிடக்கிறது. மணலால் தேய்த்தாள், வெளுத்தது. அடுத்த காலை மறுபடி கறுப்பு. கூடவே நாற்றம். அழுகிய முட்டை மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே வாசனைத் தைலம். அதற்கும் மேலே சுட்ட வாத்து.

"எடுத்த எடத்துலயே கொண்டு போய் வெச்சிருங்க," என்றாள்.

"கந்தல்ல ஊறும், உப்புல ஊறும். வெள்ளியில என்னடி ஊறும்? அது தேவனோட எலும்பு."

"தேவன் இப்படியா நாறுவான்?"

ஒருநாள் கழற்றிப் பார்த்தான். பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டது. கண் மேலே செருகியது. உடனே திரும்பக் கட்டினான். மூச்சு வந்தது... பெரிய ஏப்பத்தோடு. அதற்குள், சுண்டுவிரலை யாரும் கவனிக்காமலே துணி சுற்றி, உசர்மோந்தை மலைக் கல்லறைக்குள் வைத்துக் கதவை அடைத்து முத்திரையும் போட்டாகிவிட்டது. திருப்பிக் கொடுக்க வழியில்லை. மின்மோஸ் அதற்குப் பிறகு ரொட்டி தின்றால் கன்னத்தின் அந்தப் பக்கம் மெல்வதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் கால்வாய்க்குப் போகும்போது வேறு தெருவில் சுற்றிப் போகிறார்கள். தாகாத் அசரவில்லை. "நாறுனா நாறட்டும். மூச்சு விடுதுல்ல?" என்கிறாள். அது நன்றாகத்தான் விடுகிறது. கொழுகொழு என்று ஆகிவிட்டதாகக் கேள்வி.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நெருப்பில் சாணி வறட்டி ஒன்று சரிந்தது. யாரும் அதைத் தள்ளிவிடவில்லை.

"போன ஓய்வு நாள்ல நான் போயிருந்தேன்," என்றான் கென்னா. போர்வைக்குள்ளிருந்துதான் பேசினான். "பல்லு மொளச்சிருக்கு."

"நல்லதுதானே," என்றான் பஷேது.

"கருப்பா இருந்துச்சு. அக்கா மணலத் தொட்டுத் தேய்ச்சா..." கென்னா திரும்பி இருட்டில் துப்பினான். "வெள்ளியாட்டம் மின்னுச்சு."

"பிள்ள அழலயா?" என்றான் பஷேது.

கென்னா போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"அழல. பெரிய மனுஷனாட்டம் சாஞ்சு படுத்துக்கிட்டு வாயத் தொறந்து வெச்சிருந்துச்சு. அக்கா ஒரு ஓரத்த விட்டுட்டா. விரல நீட்டி... இங்கயும்னு காட்டுச்சு."