நாலாவது மஞ்ச கார்டு

இல்ல சார், அது சும்மா இழுத்தா வராது. கொஞ்சம் தூக்கி இழுக்கணும். ஆங், அப்படித்தான். கிளப்போட சீல், மை பேட் எல்லாம் அந்த டிராயர்லதான். ஸ்டேப்ளர் மட்டும் என்னோடது. நீங்களே வெச்சுக்குங்க. வீட்டுக்குக் கொண்டுபோய் நான் எதப் பின் அடிக்கப் போறேன்.

உக்காருங்க. நாற்காலி ஒரு பக்கமா சாயும், பழகிடும். மூணு வருஷத்துல எனக்குப் பழகிடுச்சு. பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர்னு சொன்னாங்க. நல்லதுதான். இந்த நாற்காலியில நரைச்ச தலையா ஒரு ஆம்பள இருந்தா பேச்சு எடுபடும்.

வேலை ஒண்ணும் மலையில்ல. பிளேயருங்க ரிஜிஸ்ட்ரேஷன், வெளியூர் ஆட்டத்துக்கு டிக்கெட், ரூம். அப்புறம் மேட்ச் அன்னிக்கு ஆடறவங்க லிஸ்ட். ஆட்டத்துக்கு எழுபத்தஞ்சு நிமிஷம் முன்னாடி கோச் ஒரு துண்டுச்சீட்டு குடுப்பாரு, கையெழுத்து கோழி கிளறின மாதிரி. அத டைப் பண்ணி, சீல் வெச்சு, ரெஃப்ரி ரூம்ல குடுக்கணும்.

இந்த நீல நோட்டா? இதுதான் முக்கியம். கார்டு நோட்டு. எந்த ஆளு எத்தன மஞ்ச கார்டு வாங்கினாருன்னு. நாலு ஆச்சுன்னா அடுத்த ஆட்டம் ஆடக்கூடாது. லீக்ல இருந்து யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க, கிளப்தான் பார்த்துக்கணும். கிளப்புன்னா யாரு, இந்த நாற்காலிதான்.

சிரிக்காதீங்க சார், நெஜமாத்தான்.

பேப்பர்ல பார்த்திருப்பீங்களே. ஃபுட்பால் பக்கமே போக மாட்டீங்களா? அதுவும் நல்லதுதான். சொல்றேன், எப்படியும் உங்க காதுக்கு வரத்தான் போகுது. இந்த வருஷம் முதல் ஆறு ஆட்டமும் வரிசையா தோத்தோம். எட்டாவது ஆட்டத்துக்கு முன்னாடி நோட்டப் பார்த்தா, நம்ம டிஃபென்ஸ்ல ஆடறவர் ஒருத்தர் மூணுல நிக்கறாரு. இன்னொண்ணு வாங்கினா ஒன்பதாவது ஆட்டம் ஆட முடியாது, அதுவோ பெரிய டீமோட. சொல்லணும்ல. நான் நாலு பேர் நடுவுல வாயே திறக்காதவ சார். கேன்டீன்ல உப்பு கம்மியா இருந்தாக்கூடக் கேக்காம சாப்பிட்டுட்டு வந்துடுவேன். அன்னிக்கு மனசுக்குள்ளயே பல தடவ சொல்லிப் பார்த்துட்டு, டிரெஸ்ஸிங் ரூம் வாசல்ல போய் நின்னேன். சொன்னேன்.

கோச் என்ன பண்ணாரு தெரியுமா. வாயில இருந்த விசில எடுத்து என் கையில வெச்சாரு. இந்தா ஜெராக்ஸ், இனிமே நீ டீம நடத்து, நான் போய் உன் மெஷினப் பார்த்துக்கறேன்னாரு. ஜெராக்ஸ்தான் இங்க என் பேரு. இருபத்தஞ்சு ஆம்பளைங்க சிரிச்சாங்க. கேப்டனுக்கு சிரிச்சு சிரிச்சு இருமலே வந்துடுச்சு. விசில்ல எச்சில் ஈரம். அத பெஞ்சு மேல வெச்சுட்டு வந்துட்டேன். அப்புறம் மேனேஜர்கிட்ட சொல்லி அனுப்பியிருந்தாரு, கேட்டா மட்டும் அந்தப் பொண்ணப் பேசச் சொல்லுங்கன்னு. அந்த டிஃபென்ஸ்காரர் அன்னிக்கே கார்டு வாங்கினாரு. அடுத்த ஆட்டம் அவர் இல்லாம அஞ்சு கோல் வாங்கினோம். அது மட்டும் யாருக்கும் ஞாபகம் இல்ல.

விடுங்க. கடைசி ஆட்டத்துக்கு வந்துடறேன். ஜெயிச்சா லீக்ல இருப்போம், இல்லன்னா கீழ் டிவிஷன். எங்கப்பா கிழக்கு கேலரி, மூணாவது வரிசை, தூண் ஓரம். பஸ் டிப்போவுல மெக்கானிக்கா இருந்தவர். இருபத்தெட்டு வருஷமா அதே இடம். மகளுக்கு இங்க வேலைன்னதும் அவருக்குத் தலகால் புரியல. என் பொண்ணு டீம்ல இருக்கான்னு சொல்லிட்டுத் திரிவாரு, ஏதோ நான் சென்டர் ஃபார்வர்டு மாதிரி.

ரெண்டு கோல் போட்டோம். ஒண்ணு கேப்டன் தலையால முட்டினது. ஜெயிச்சோம். அப்பா இறங்கி ஓடி வந்து இந்த ஜன்னலத் தட்டினாரு. கண்ணெல்லாம் தண்ணி, சட்டையில ரெண்டு பட்டனக் காணோம்.

நாலே நாள் சார். எதிர் டீம் புகார் குடுத்தாங்க. உங்க கேப்டன் நாலு கார்டு வாங்கியாச்சு, எப்படி எறக்கினீங்கன்னு. இங்க எல்லாரும் மூணுன்னே நினைச்சிட்டிருந்தாங்க, கேப்டன் உட்பட. சீசன் ரெண்டாவது ஆட்டத்துல, விசில் ஊதி முடிஞ்சப்புறம் ரெஃப்ரியோட வாய்ச்சண்டை போட்டாரு. அப்ப காட்டின கார்டு ஒண்ணு. ஜனமெல்லாம் கிளம்பியாச்சு, கேமராவும் அணைச்சாச்சு. ரெஃப்ரி ரிப்போர்ட்ல கடைசி வரியில மட்டும் இருந்துச்சு. அதையும் சேர்த்தா நாலு. ஜெயிச்ச ஆட்டம் தோத்த ஆட்டமாச்சு. ஒரே ஒரு பாயிண்ட்ல கீழ இறங்கினோம்.

விசாரணைக்கு லீக்ல இருந்து மூணு பேர் வந்தாங்க. கார்டு பார்க்கறது ஆபீஸ் பொண்ணோட வேலை, மறந்துட்டான்னு கோச் சொன்னாரு. பொண்ணு மறந்துட்டான்னதும் மூணு தலையும் ஒண்ணா ஆடுச்சு. நோட்டக் கொண்டான்னு ஒருத்தர்கூடச் சொல்லல. டீ குடிச்சாங்க, கவனக்குறைவுன்னு எழுதினாங்க, நான் கையெழுத்துப் போட்டேன். கோச்சுக்கு வேற கிளப்ல வேலை கெடச்சாச்சு.

நோட்ட நானே எடுத்துக் காட்டியிருக்கலாமேன்னு பாக்கறீங்க. இருங்க, அதுக்குத்தான் வரேன்.

எங்கப்பா மட்டும்தான் நம்பல. கேஸ் சிலிண்டர் மாத்தின தேதியக்கூடக் காலண்டர்ல குறிக்கிறவ, இவளா மறப்பான்னு ஊர் பூரா சண்டை. கேலரிக்காரங்க அவரப் பார்த்தா முகத்தத் திருப்பிக்கறாங்க. ஒருத்தரோட கைகலப்பாகி ஒரு பல்லு ஆடுது, இந்த வயசுல. என் பொண்ணு கோச்கிட்ட சொல்லியிருப்பா, அந்தாளு கேட்டிருக்க மாட்டான், நோட்டுல எல்லாம் இருக்கும், நான் போய்ப் பார்க்கறேன்னு கிளம்பிட்டாரு. இன்னிக்கோ நாளைக்கோ வருவாரு. சாயம் போன நீலத் தொப்பி.

காட்டாதீங்க சார்.

நீங்க பாருங்க, பரவாயில்ல. இருபத்தி மூணாம் பக்கம். கேப்டன் பேரு. நாலாவது கார்டுக்கு சிவப்பு மையில வட்டம், பக்கத்துல நான் அத வட்டம் போட்ட தேதி. கடைசி ஆட்டத்துக்கு அஞ்சு நாள் முன்னாடி.

கடைசி ஆட்டத்தன்னிக்கு கோச் குடுத்த சீட்டுல முதல் பேரே கேப்டன் பேருதான். டைப் பண்ணேன். இந்த ஜன்னல் வழியா மூணாவது வரிசை தெரியும் சார். அப்பா தொப்பியக் கழட்டித் தூசி தட்டிட்டிருந்தாரு. அதையும் பார்த்துட்டுத்தான் சீல் வெச்சேன். கோச் இங்கதான் நின்னாரு, நீங்க இருக்கற இடத்துல, கை எட்டற தூரம். அவர் ஒண்ணும் கேக்கல. கேட்டாத்தானே நான் பேசணும்.

அப்பா வந்தா, உங்க பொண்ணு மறந்துதான் போயிட்டா, பாவம்னு சொல்லிடுங்க. நீங்க வயசானவர், சொன்னா நம்புவாரு. பீரோ சாவி அந்த ஆணியில தொங்குது. டிராயர மட்டும் கொஞ்சம் தூக்கி இழுங்க.